செனாடா அன்ரி ரஷ்யாக்காரியான கதை

ஆகஸ்ட் மாத வெயிலில் பெய்த அந்தப் பனிக்குச் சவர்க்கார மணம் இருந்தது. தடித்த குழாய் ஒன்றால் முற்றம் முழுக்க வெள்ளை நுரையை அடித்து, அதன்மேல் பொடிப்பொடியாக வெட்டிய காகிதத்தைத் தூவி, சூரிச்சை ஒட்டிய ஷ்லீரனில் நாங்கள் குடியிருந்த சாம்பல் நிறத் தொடர்மாடியைச் சுற்றி ஒரு முழுப் பனிக்காலத்தை ஒரே காலையில் உண்டாக்கிவிட்டார்கள். நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினேன். என் பக்கத்தில் நின்ற மிரேலா, கையில்லாச் சட்டையோடு அந்த நுரைக்குள் குப்புற விழுந்து, தலைமயிரெல்லாம் காகிதத் துண்டாக எழும்பி வந்தாள். மேலே வானம் நீலமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பல்கனிகளில் இருந்து போர்த்துக்கேய, துருக்கிய, அல்பேனிய, தமிழ் முகங்கள் எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

தொலைக்காட்சிக்காக எடுத்த துப்பறியும் படம் அது. சூரிச்சில் ஒரு ரஷ்யக் கொள்ளைக் கூட்டம். அதைப் பிடிக்க அலையும் சுவிஸ் பொலிஸ்காரர். கூட்டத்தில் சேர்ந்து கெட்டுப்போன ஓர் இளைஞன். அவனுடைய ஏழைத் தாய். அந்தத் தாயின் வீடாகத்தான் எங்கள் "புளொக்"கைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். துருப்பிடித்த பல்கனிக் கம்பிகளைப் பார்த்தவுடனேயே "அப்படியே கிழக்கு மாதிரி இருக்கிறது" என்று படக்காரர்கள் சொன்னதாக, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் "அப்வார்ட்" எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார், ஏதோ தனக்குக் கிடைத்த பாராட்டைப் போல.

மிரேலா எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளை. ஒரே மாடியில் அவர்கள் கதவும் எங்கள் கதவும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. அவளுடைய அப்பா ஹாசிம் அங்கிள் கட்டட வேலைக்குப் போனார். அம்மா செனாடா அன்ரி பின்னேரங்களில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போனார். பொஸ்னியாவில் போர் நடந்தபோது மிரேலாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தவர். என் அப்பா ஓர் உணவகத்தின் சமையலறையில், அம்மா முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். பள்ளிக்கூடத்தில் எங்களை "டமிலே" என்பார்கள், அவர்களை "யூகோ" என்பார்கள். உடைந்து சிதறிப்போன ஒரு நாட்டின் பெயரில் மிச்சமிருந்த துண்டு அந்தச் சொல். செர்பியரோ, குரோஷியரோ, பொஸ்னியரோ, மொழியே வேறான அல்பேனியரோ, எல்லோருக்கும் அந்த ஒரே துண்டைத்தான் எறிந்தார்கள்.

படக்காரர்கள் எங்கள் வாசலில் பொய்யாக ஒரு கடையையும் அமைத்து, மேலே ரஷ்ய எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டினார்கள். வேலையால் வந்த ஹாசிம் அங்கிள் அதன் முன்னால் நின்று, தலையைச் சரித்துச் சரித்து வாசித்தார். பழைய யூகோஸ்லாவியாவில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அந்த எழுத்துத் தெரியும். அவர் வாய்விட்டு வாசித்தபோது, தும்மலும் விக்கலும் சேர்ந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"இது ரஷ்ய மொழி இல்லை. எந்த மொழியும் இல்லை. பார்க்க வடிவாக இருக்கிற எழுத்தாகப் பார்த்து ஒட்டியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே படியேறிப் போனார்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். இந்தியாவில் இருந்து வரும் தமிழ்ப் படங்களில் யாழ்ப்பாணத்து ஆட்களாக வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறவர் அவர். "எங்கட தமிழை எங்களுக்கே விளங்காமக் கதைக்கிறாங்கள் பிள்ளை, அதுவும் தமிழ் ஆக்கள். இவங்கள் ரஷ்யாவையும் பொஸ்னியாவையும் கலக்கிறதில என்ன புதினம்" என்றார்.

கலந்தது அடுத்த நாள்தான். உடுப்புத் தோய்க்கும் நிலவறையில் யாருடைய முறை என்பதில் செனாடா அன்ரிக்கும் அப்வார்ட்டுக்கும் வழக்கமாக நடக்கும் சண்டை அன்று முற்றம் வரை வந்துவிட்டது. கையில் ஈரத்துணிக் கூடையும், ஒரு பக்கமாகக் கலைந்த தலைமயிருமாக அன்ரி ஜேர்மன் பாதி, தன் மொழி பாதியாகக் கத்திக்கொண்டிருந்தார். படக்குழுவில் காத்ரின் என்று ஓர் இளம் பெண் இருந்தாள். ஆட்களைப் பிடித்துவருவதும் பத்திரங்களை எழுதுவதும் அவள் வேலை. தாயாக நடிக்க வேண்டியவள் வராததால் காலையில் இருந்து தொலைபேசியோடு ஓடித்திரிந்தவள், அன்ரியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"உங்கள் அம்மா ரஷ்யாவா?" என்று மிரேலாவிடம் கேட்டாள்.

"இல்லை, பொஸ்னியா."

"அது பரவாயில்லை. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரேயொரு காட்சிதான். மகனைப் பொலிஸ் பிடித்துப் போகும்போது பின்னால் ஓடிவந்து கத்தினால் போதும். வசனம் ஒன்றும் இல்லை, உங்கள் மொழியில் எதையாவது சொல்லட்டும். ஒருவருக்கும் விளங்கப் போவதில்லை."

மிரேலா மொழிபெயர்த்தாள். அன்ரி முதலில் சிரித்தார், பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தலைமயிரைச் சரிசெய்தார். "சரிசெய்ய வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்று காத்ரின் ஓடிவந்து கையைப் பிடித்தாள். எங்களுக்கு அது திருவிழா. எங்கள் அன்ரி படத்தில் வரப்போகிறார்.

பூப்போட்ட தலைத்துணி கட்டினார்கள். கன்னத்தில் கரி மாதிரி எதையோ தேய்த்து, இருந்த வயதைவிடக் கூட்டினார்கள். பிறகு உடுப்புக்குப் பொறுப்பான பெண் ஒரு பெரிய சிலுவைச் சங்கிலியைக் கொண்டுவந்து அன்ரியின் கழுத்தில் போட்டாள். அன்ரி முஸ்லிம். நோன்பும் பிடிப்பார், கிறிஸ்மஸுக்கு எங்களோடு சேர்ந்து கேக்கும் சாப்பிடுவார், ஆனால் சிலுவை போட்டதில்லை. அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது தேவையா என்று கேள்" என்று மிரேலாவிடம் சொன்னார்.

"ரஷ்ய அம்மாக்கள் போடுவார்கள்" என்று பதில் வந்தது. அன்ரி தோளை உயர்த்திவிட்டு அதைப் போட்டபடியே நின்றார்.

காட்சி எடுக்கத் தொடங்க முன் எங்களை மேலே அனுப்பிவிட்டார்கள். அன்ரிதான் அனுப்பச் சொன்னார். மிரேலா பார்த்துக்கொண்டு நின்றால் சிரிப்பு வந்துவிடும் என்றார். ஒலிப்பதிவுக்காக எல்லோரையும் யன்னல்களைச் சாத்தச் சொல்லியிருந்தார்கள். அதனால் எங்கள் குசினியின் இரட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, மிரேலாவும் நானும் அன்று வேலையில்லாமல் வீட்டில் நின்ற என் அம்மாவும் சத்தமே இல்லாமல் அந்தப் படப்பிடிப்பைப் பார்த்தோம்.

முதல் தடவை அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டாம் தடவை ஓடும்போது நுரையில் செருப்பு வழுக்கி, அதற்கும் சிரித்தார். இயக்குநர் தன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துவிட்டு, மகனாக நடித்த பெடியனிடம் ஏதோ சொன்னார். அவன் மேற்சட்டையைக் கழற்றினான், பிறகு உள்ளே போட்டிருந்த சேட்டையும் கழற்றினான். இரண்டு கைகளையும் பிடரியில் கோர்த்துக்கொண்டு தலையைக் குனிந்தான். பொலிஸ் வேடத்தில் துவக்கோடு நின்ற இருவர் அவனை நடத்திக்கொண்டு போனார்கள்.

செனாடா அன்ரி ஓடினார். இந்த முறை ஓடிய விதம் வேறு. ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவருடைய வாய் திறந்து மூடித் திறந்தது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. சிலுவை நெஞ்சில் துள்ளித் துள்ளி அடித்தது. கமெராவைத் தாண்டியும் ஓடினார். நிற்கச் சொல்லி யாரோ கை காட்டியது அவர் கண்ணில் படவில்லை. வண்டியின் கதவு சாத்திய பிறகு முழங்காலில் விழுந்து நுரைக்குள் இருந்தார். படக்குழு முழுவதும் கைதட்டியது.

"அம்மா எவ்வளவு நல்லாச் செய்யிறா" என்றாள் மிரேலா. எங்களோடு வளர்ந்ததால் அவளுக்கு எங்கள் தமிழும் கொஞ்சம் ஓடும்.

என் அம்மா அடுப்பை நூர்த்தார். "அவ நடிக்கேல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, வீட்டுச் செருப்போடு படியிறங்கி ஓடினார்.

கைதட்டி முடிந்த பிறகும் அன்ரி எழும்பவில்லை. அம்மா போய்க் கையைக் கொடுத்துத் தூக்கி, எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து, குசினியில் இருத்தித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். "வேலை முடிஞ்சுது. எல்லாம் நல்லம்" என்று தன் உடைந்த ஜேர்மனில் அன்ரி இரண்டு மூன்று தரம் சொன்னார். வேறு எதுவும் கதைக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. நடிப்பு என்றால் உடம்பு களைக்கும் போல என்று நினைத்துக்கொண்டு, மிரேலாவும் நானும் மீதிப் பனியில் விளையாடப் போய்விட்டோம்.

படம் அடுத்த பெப்ரவரியில் வந்தது. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி பெரியது என்பதால் எல்லோரும் எங்கள் வரவேற்பறையில் கூடினோம். அம்மா றோல்ஸ் பொரித்தார். ஹாசிம் அங்கிள் இறைச்சி வைத்துச் சுருட்டிய தங்கள் ஊர்ப் பலகாரத்தைத் தட்டோடு கொண்டுவந்தார். செனாடா அன்ரி மட்டும் வேலைக்குப் போய்விட்டார். அன்று அவருக்கு வேலை இல்லை என்றும், வேறொருத்தியின் முறையை வாங்கிக்கொண்டு போனார் என்றும் பிறகுதான் தெரிந்தது.

படத்தில் வந்த ரஷ்யர்கள் எல்லோரும் உரோமத் தொப்பியும் தங்கப் பல்லும் வைத்திருந்தார்கள். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றவில்லை. கூட்டத்தின் தலைவன் வாய் திறந்தவுடனே ஹாசிம் அங்கிள் தொடையில் தட்டிச் சிரித்தார். "இவன் சாக்ரெப் ஆள், குரோஷியன். ரஷ்ய மாதிரி இருக்கட்டும் என்று சொல்லை இழுத்து இழுத்துச் சொல்கிறான்." அவனுடைய கையாளாக வந்தவன் போலந்துக்காரனாம். அவன் போலிஷ் மொழியில் கேட்க, இவன் குரோஷிய மொழியில் பதில் சொல்ல, இரண்டு பேரும் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டு ஆளைக் கொல்லத் திட்டம் போட்டார்கள். ஹாசிம் அங்கிள் சொல்லச் சொல்ல நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடுதான் எங்கள் முற்றம் திரையில் வந்தது. உண்மையான பனி போலவே இருந்தது.

சேட்டில்லாத பெடியன் தலையைக் குனிந்து நடந்தான். செனாடா அன்ரி ஓடிவந்தார். இப்போது சத்தம் கேட்டது.

கீழே ஜேர்மனில் எழுத்து ஓடியது: "என் மகனை விடுங்கள், பன்றிகளே. உங்களைச் சும்மா விடமாட்டேன்." நான் அதை வாசித்துவிட்டு, அன்ரி பொலிஸை ஏசுவதைக் கேட்டுச் சிரிக்கத்தான் திரும்பினேன். மிரேலாவின் முகம் வெள்ளையாகப் போயிருந்தது. ஹாசிம் அங்கிள் கையில் பாதி றோல்ஸோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார். திரையில் காட்சி மாறி, துப்பறிகிறவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"எடின் ஆர்?" என்று மிரேலா தன் அப்பாவிடம் கேட்டாள். அவர்கள் மொழியில்தான் கேட்டாள். அந்த அளவு எனக்கு விளங்கும்.

ஹாசிம் அங்கிள் தொலைக்காட்சியை நிறுத்தினார். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. "அம்மா வரட்டும்" என்றார்.

"என்னவாம்? என்ன சொன்னவ செனாடா?" என்று என் அம்மா என்னைக் கேட்டார். நான் மிரேலாவைக் கேட்டேன். அவள் ஒவ்வொரு சொல்லாக, பாடம் ஒப்பிப்பதைப் போலச் சுவிஸ் ஜேர்மனில் சொன்னாள். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அவன் சின்னவன். பாருங்கோ, மீசை கூட முளைக்கேல்லை. அவனை எங்களோட விடுங்கோ ஐயா. எடின், சேட்டில்லாமப் போறியே. எடின், திரும்பிப் பார். ஒருக்கா என்னைத் திரும்பிப் பார்."

 அதில் ஏச்சே இல்லை. பன்றி இல்லை, மகனும் இல்லை. அப்பா தன் முகத்தை உள்ளங்கையால் ஒருமுறை மேலிருந்து கீழாகத் துடைத்தார். மிச்ச றோல்ஸ் தட்டிலேயே ஆறிப்போய்க் கிடந்தது.

எடின் என்பவர் செனாடா அன்ரியின் தம்பி என்பதை, மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் மிரேலா சொன்னாள். அப்படி ஒரு மாமா இருந்ததையே அவள் அன்றுதான் அறிந்தாள். வீட்டில் அவருடைய புகைப்படம் இல்லை, பெயர் இல்லை, பிறந்தநாள் இல்லை. போர்க்காலத்தில் ஒரு வீதியில் பேருந்தை மறித்து, பெண்களையும் குழந்தைகளையும் ஒரு பக்கமும் ஆண்களை இன்னொரு பக்கமுமாகப் பிரித்திருக்கிறார்கள். ஆண்களுடைய சேட்டைக் கழற்றச் சொல்லி, கைகளைப் பிடரியில் வைக்கச் சொல்லி நடத்திக்கொண்டு போனார்களாம். ஹாசிம் அங்கிள் அதற்கு முன்னரே சுவிஸில் வேலைக்கு வந்திருந்ததால் தப்பினார். "நான் அம்மாவின் கையில் இருந்தேனாம். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை" என்றாள் மிரேலா. அன்ரி கூப்பிடக் கூப்பிட எடின் திரும்பிப் பார்க்கவே இல்லையாம். பிறகு அவரை ஒருவரும் காணவில்லையாம்.

பள்ளிக்கூட முற்றத்தில் எங்களுக்காக இன்னொன்று காத்திருந்தது. எங்கள் வகுப்பில் பாதிப்பேர் படத்தைப் பார்த்திருந்தார்கள். ஒரு பெடியன் கழுத்துத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, கைகளை விரித்தபடி பனியில் முழங்காலில் விழுந்து "எடின், எடின்" என்று கத்தினான். அதன் பின்னால் "ஸ்கி", "ஸ்கா" என்று வாய்க்கு வந்ததைச் சேர்த்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்னும் இரண்டு பேர் தாங்களும் செய்து காட்டினார்கள். "ரஷ்யாக்காரி வந்துவிட்டாள்" என்று மிரேலாவைப் பார்த்து ஒருத்தி சொன்னாள்.

நான் என் புத்தகப் பையை ஓங்கிக்கொண்டு போனேன். மிரேலா அதன் வாரைப் பிடித்து நிறுத்தினாள். அவனுக்கு முன்னால் போய்க் குனிந்து, குரலை உயர்த்தாமல், அந்த வாக்கியத்தைத் தன் மொழியில் சரியாகச் சொன்னாள். பிறகு அதன் பொருளைச் சொன்னாள். அது தன் அம்மாவின் தம்பி என்றாள், அவர் இறந்துவிட்டார் என்று நினைக்கிறோம் என்றாள். "சொல்வதென்றால் பிழையில்லாமல் சொல். மறுபடி சொல்லு" என்றாள்.

அவன் கழுத்துத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றான். அன்று வகுப்பில் ஆசிரியை, மிரேலாவின் அம்மா ஒரு ரஷ்யத் தாயை எவ்வளவு தத்ரூபமாக நடித்திருக்கிறார் என்று மனதாரப் பாராட்டினார். 

சில கிழமைகளுக்குப் பிறகு காத்ரின் வந்தாள். படத்தில் வேலை செய்த அதே பெண். செனாடா அன்ரி கதவைத் திறந்தார், என் அம்மாவையும் கூப்பிட்டு இருத்திக்கொண்டார். பேர்ண் நகரில் இருந்து ஒரு மனிதர் திரும்பத் திரும்பத் தொலைக்காட்சி நிலையத்துக்குத் தொலைபேசி எடுப்பதாகக் காத்ரின் சொன்னாள். அந்தத் தாயோடு கதைக்க வேண்டுமாம். நடிகையின் முகவரி கொடுப்பதில்லை என்று நிலையத்தார் சொன்னதற்கு, "நடிகை இல்லை. இந்தக் குரலை நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன்" என்றாராம்.

"அவர் என்ன சொல்கிறார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. நீங்கள் அந்தக் காட்சியில் என்ன சொன்னீர்கள்?" என்று காத்ரின் கேட்டாள்.

மிரேலா சொன்னாள்.  கீழே ஓடிய அந்த எழுத்தை எழுதியதே தான்தான் என்று காத்ரின் சொன்னாள். யாரிடமும் கேட்கவில்லையாம். முகத்தைப் பார்த்தாளாம், இப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்து எழுதினாளாம். "நாங்கள் கைதட்டினோம்" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். செனாடா அன்ரிதான் எழும்பிப்போய் அவளுக்குத் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தார். பிறகு அந்த மனிதரை வரச்சொல்லும்படி சொன்னார்.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். பெயர் மெஹ்மெட். பேர்ணில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. பையில் தோடம்பழம் கொண்டுவந்திருந்தார், அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார். தனியாக இருந்து கேட்கப் பயமாக இருக்கிறது என்று செனாடா அன்ரி அம்மாவை அழைத்திருந்ததால் நானும் போயிருந்தேன். பிள்ளைகளை வெளியே அனுப்பலாம் என்றார் ஹாசிம் அங்கிள். "இருக்கட்டும். அவளிடம் மறைத்துத்தான் இப்படி வந்தது" என்றார் அன்ரி.

மெஹ்மெட் தாழ்ந்த குரலில் கதைத்தார். மிரேலா எனக்குச் சொல்ல, நான் அம்மாவின் காதுக்குச் சொன்னேன். அவரும் அந்த வரிசையில் நடந்தவர். பிறகு கைதிகளை மாற்றிக்கொண்டபோது உயிரோடு வெளியே வந்தவர். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் மனைவி பார்த்துக்கொண்டிருந்த படத்தில் இருந்து அந்தக் கத்தல் கேட்டிருக்கிறது. கதிரையில் இருந்து எழும்ப முடியவில்லையாம். போர் திரும்பவும் தொடங்கிவிட்டது என்று ஒரு கணம் நினைத்தாராம்.

"உங்கள் தம்பி எனக்குப் பக்கத்தில் நடந்தான்" என்றார். "நீங்கள் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்க முயன்றான். எங்களுக்கு முன்னால் போனவர்களில் ஒருவன் திரும்பியதற்கு என்ன நடந்தது என்று நான் கண்டிருந்தேன். அதனால் அவன் பிடரியைப் பிடித்து அமத்தினேன். அவன் திமிறினான், நான் விடவில்லை. அடுத்த நாள் எங்களை வேறு வேறு இடத்துக்குப் பிரித்துவிட்டார்கள். அதன் பிறகு அவனைக் காணவில்லை. அவன் திரும்பாமல் போனதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவள், "பிடரியைப் பிடித்து" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார், நகம் பதியும் அளவுக்கு.  இத்தனை வருடமும் தம்பிக்குத் தன் குரல் கேட்கவில்லை என்றோ, கேட்டும் கோபத்தில் போனான் என்றோ நினைத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு முன்னால் அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

செனாடா அன்ரி எழும்பி அவருக்குக் கிட்டப் போனார். அடித்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஏதோ கேட்டார்.

"என்ன கேட்டவ?" என்றார் அம்மா.

"எந்தக் கை எண்டு கேட்டவ."

மெஹ்மெட் வலது கையைக் கொஞ்சமாக உயர்த்தினார். அன்ரி அதைத் தன் இரண்டு கைகளாலும் வாங்கி, விரித்துப் பார்த்து, உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டார். தோடம்பழங்கள் பையில் இருந்து உருண்டு கம்பளத்தில் பரவின. அவற்றை ஒருவரும் பொறுக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து, ஒரு குழியில் எடுத்த எலும்புகளில் எடினும் இருப்பது தெரியவந்தது. செனாடா அன்ரி ஊருக்குப் போய் அடக்கம் செய்தார். மெஹ்மெட்டும் கூடப் போய் மண் போட்டார். படத்தின் கீழே ஓடிய எழுத்தைத் திருத்தித் தரும்படி காத்ரின் தன் மேலிடத்தில் கேட்டுப் பார்த்தாள். கதைக்கு அவள் ரஷ்யத் தாயாக இருப்பதுதான் தேவை, படம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம்.

இப்போது அந்தத் தொடர்மாடி இல்லை. இடித்துவிட்டு, கண்ணாடிப் பல்கனி வைத்த வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். அங்கே குடியிருக்கும் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஹாசிம் அங்கிள் காலமாகிவிட்டார். அம்மாவும் அன்ரியும் ஓய்வு பெற்றுவிட்டார்கள், இன்னமும் அதே உடைந்த ஜேர்மனில் தொலைபேசியில் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். படிக்கட்டில் ஒரே நேரத்தில் கேட்ட அத்தனை மொழிகளும் எந்தெந்தப் பக்கம் போயின என்று தெரியவில்லை. நானே பொஸ்னிய மொழியில் கடைக்குப் போகும் அளவுக்குக் கதைத்தவள். இன்று சில சொற்கள் மட்டும் மிச்சம்.

போன இலையுதிர் காலத்தில் மிரேலாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். செனாடா அன்ரியும் வந்திருந்தார். மிரேலாவின் மகள் லைலா, தன் வகுப்புப் பிள்ளை யாரோ காட்டியதாகச் சொல்லி, இணையத்தில் அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்து, மடிக்கணினியை மேசையில் வைத்தாள். அவளுடைய பாட்டி படத்தில் வருகிறாராமே என்று அவளுக்குப் பெருமை. நாங்கள் தடுக்கும் முன்னரே செனாடா அன்ரி நுரைப் பனியில் ஓடத் தொடங்கிவிட்டார். கீழே பழைய எழுத்து இல்லை. பன்றியையும் மகனையும் எடுத்துவிட்டு, அடைப்புக்குள் புதிதாக ஒன்று போட்டிருந்தார்கள்: ரஷ்ய மொழியில் கத்துகிறாள்.

மிரேலாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம்.  முன்பு பிழையாக என்றாலும் அவர் ஏதோ சொன்னதாக எழுதியிருந்தார்கள். இப்போது சொன்னதே இல்லாமல் போய்விட்டது.

"பாட்டி, நீங்கள் ரஷ்யாவா?" என்று லைலா சுவிஸ் ஜேர்மனில் கேட்டாள். அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

"ரஷ்யாவை நான் கண்டதே இல்லை" என்றார் செனாடா அன்ரி. படத்தைப் பின்னுக்கு நகர்த்தச் சொல்லி, அந்த எழுத்து வரும் இடத்தைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "இப்பக் கேள்."

லைலா குனிந்து, முழுவதையும் கவனமாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுத் தன் அம்மாவையும் என்னையும் பார்த்தாள், பிறகு பாட்டியைப் பார்த்தாள்.

"எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்றாள்.

மிரேலா எழும்பி யன்னல் பக்கம் போனாள். செனாடா அன்ரி கதிரையை இழுத்துப் போட்டுப் பேத்திக்குப் பக்கத்தில் இருந்தார். எடின் என்பது ஒரு பெயர் என்று தன் உடைந்த ஜேர்மனில் சொல்லி, அங்கிருந்து தொடங்கினார்.